மீன் குடும்பத்தில் ஒரு புதுக் கிளை

தங்களைப் பற்றிய உண்மையை அறிந்துகொள்ள மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். சிலர் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். சிலர் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். (கலியாணம் கட்டியவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள்.) நான் என்னைப் பற்றிய இரண்டு பெரிய உண்மைகளை ரொறொன்ரோவில், ஒரு பல்கலைக்கழகத்தின் கருத்தரங்கு மண்டபத்தில், நாற்பது பேருக்கு முன்னால் பத்து நிமிடத்துக்குள் அறிந்துகொண்டேன். அந்த நாற்பது பேரில் என்னுடைய அப்பாவும் அம்மாவும் மாமாவும் அடக்கம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தைந்து வயது. ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்ற்றின் பதினோராம் மாடியில் அப்பா அம்மாவோடு இருந்தேன். மருத்துவம் கிடைக்கவில்லை. விலங்கியல் கிடைத்தது. அதில் முதுகலைக்குப் போய்ச் சேர்ந்தேன். பிளாஸ்ரிக் தொழிற்சாலை ஒன்றில் நின்றபடி வேலை செய்த அப்பாவுக்கு ‘விலங்கியல்’ என்று வெளியில் சொல்ல மனம் வரவில்லை. யாராவது கேட்டால், “கண் சம்பந்தமாப் படிக்கிறான்” என்பார். அது பொய் அல்ல. ஆனால் அதைக் கேட்டவர்கள் கோயிலில் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், இமையைக் கீழே இழுத்துக் காட்டி, “தம்பி, இதிலை ஒரு உறுத்தல்” என்பார்கள். நானும் ஒரு வைத்தியரைப் போல எட்டிப் பார்த்து, “கண்ணாடி போட்டால் சரிவரும்” என்பேன். அந்த வயதில் எனக்கு வெட்கம் என்பது இன்னும் அறிமுகமாகவில்லை.

உண்மையில் நான் செய்தது இதுதான். நம் கண்ணுக்குள் ஒப்சின் என்றொரு வகைப் புரதம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது லேசாக நெளியும். அந்த நெளிவிலிருந்துதான் பார்வை தொடங்குகிறது. மனிதன், மீன், கோழி, தவளை என்று எல்லோரிடமும் இது உண்டு. அதிலும் பல வகை. மங்கல் வெளிச்சத்துக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, ஊதாவுக்கு ஒன்று. கண்ணுக்கே வராமல் மூளைக்குள் இருந்துகொண்டு, பகலா இரவா என்று மட்டும் பார்க்கிற சோம்பேறிகளும் உண்டு. இவற்றைக் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பது என் வேலை. யார் எந்த வழியில் வந்தவர், வந்து என்ன தொழில் பார்க்கிறார் என்று கண்டுபிடித்து ஒரு மரம் வரையவேண்டும். (புது ஆளைக் கண்டால் எங்கள் ஆட்கள் முதலில் விசாரிப்பதும் இந்த இரண்டையும்தான். அதனால் இந்த வேலைக்காகவே நான் பிறந்திருக்கிறேன் என்று நம்பினேன்.)

முதுகெலும்புள்ள விலங்குகளின் பார்வைப் புரதங்களை அப்போது ஐந்து குடும்பங்களாகப் பிரித்திருந்தார்கள். என் பேராசிரியை ஹெலன் ஒன்ராறியோ ஏரியின் ஆழத்தில், வெளிச்சம் சரியாக எட்டாத இடத்தில் வாழ்கிற ஒரு சின்ன மீனைத் தந்து, “இதனுடைய ஒப்சின் எந்தக் குடும்பத்தில் சேரும் என்று பார்” என்று சொல்லிவிட்டு, ஆறு மாத விடுப்பில் அவுஸ்திரேலியா போய்விட்டார். ஹெலன் நெட்டையான, குறைவாகப் பேசுகிற பெண். அவர் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திராது.

மீனின் கண்ணிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கும் வேலையில் நான் ஒரு தவறு செய்தேன். செய்யும்போது அது தவறு என்றும் எனக்குத் தெரியும்.

ஊரில் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புப் படிக்கும்போது ரசாயன ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித்தான் திரவம் அளப்போம். கோட்டில் கச்சிதமாக நிறுத்துவதில் என்னை வெல்ல என் வகுப்பில் ஆளில்லை. வாழ்க்கையில் நான் முதலாவதாக வந்த ஒரே விஷயம் அது. ரொறொன்ரோவில் அதற்கென்று கையால் அமத்தி உறிஞ்சுகிற கருவி இருந்தது. வாய் வைப்பதற்கு முழுத் தடை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தக் கருவி மக்கர் பண்ணியது. அடுத்த ஆய்வுகூடத்தில் போய் இரவல் கேட்கலாம். ஆனால் எனக்கு பஸ் பிடிக்கவேண்டும். சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கண்ணாடிக் குழாயை எடுத்தேன், உறிஞ்சினேன், கோட்டில் நிறுத்தினேன். பழைய திறமை போகவில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று குழாய்களில் மீன். நாலாவது குழாயில் மீனே இல்லை, வெறும் தண்ணீர். அதைக் கட்டுப்பாட்டுக் குழாய் என்பார்கள். அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் எங்கோ ஊத்தை கலந்துவிட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்கவேண்டும் என்று அர்த்தம். அடுத்த கிழமை பார்த்தால் மூன்று மீன் குழாயிலும் அழகாக ஒப்சின் மரபணு. நாலாவதிலும் அழகாக ஒப்சின் மரபணு. தண்ணீருக்குக் கண் முளைத்திருந்தது.

ஒரு விஞ்ஞானி இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பான். நான், குழாய்களை மாற்றி வைத்துவிட்டேன் போல என்று எனக்கு நானே சொல்லி, நாலாவதைக் குப்பையில் போட்டேன்.

பிறகு கொம்பியூட்டர். என் மீனின் மரபணு எழுத்து வரிசையை மற்ற விலங்குகளுடையதோடு ஒப்பிட்டு மரம் வரைய அந்தப் பழைய பெட்டிக்கு நாலைந்து நாள் பிடிக்கும். வேறு மாணவர்களும் அதற்காக வரிசையில் நின்றார்கள். விலங்குகளைக் குறைத்தால் நேரம் குறையும். மீனைப் பற்றிய ஆய்வுக்கு மனிதன் எதற்கு, மாடு எதற்கு, எலி எதற்கு? பாலூட்டிகள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். சனி ஞாயிறுக்குள் மரம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை அந்த மரத்தைப் பார்த்தபோது நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டேன். என் மீன் மற்ற மீன்களோடு சேரவில்லை. சிவப்பு வெளிச்சக் குடும்பத்துக்குள் போய், தன் இனத்தை எல்லாம் விட்டுவிட்டு, கோழிக்குப் பக்கத்தில் தனிக் கிளை போட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு மீன் எப்படிக் கோழிக்குச் சொந்தம் ஆகும்? எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. மற்ற மீன்கள் எல்லாம் எப்போதோ தொலைத்துவிட்ட ஒரு பழைய புரதத்தை இது மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறது. அப்படியென்றால் இது ஆறாவது குடும்பம். அதைக் கண்டுபிடித்தவன் நான்.

ஹெலனுக்கு ஈமெயில் போட்டேன். இரண்டு வரியில் பதில் வந்தது. “சுவாரசியம். பாலூட்டிகளையும் சேர்த்து ஓடவிட்டுப் பார்த்தாயா? கட்டுப்பாட்டுக் குழாய் சுத்தமா?”

நான் ஒரு வரியில் பதில் போட்டேன். “எல்லாம் சரி.”

அந்த ஒரு வரியை நினைத்து இன்றும் சில காலைகளில் குளிப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கருத்தரங்குக்கு நாள் வைத்தார்கள். அன்று என் பேச்சைக் கேட்டுவிட்டு, நான் கலாநிதிப் படிப்புக்குத் தொடர்ந்து போகலாமா இல்லையா என்று மூன்று பேராசிரியர்கள் முடிவு சொல்வார்கள். யாரும் வந்து கேட்கலாம் என்று அறிவித்தலில் போட்டிருந்ததை வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அப்பா தொழிற்சாலையில் லீவு எடுத்தார். கனடா வந்து அவர் எடுத்த முதல் லீவு அது. அம்மாவின் தம்பி குலம் மாமா, “கார் நான் கொண்டுவாறன் அத்தான், நீங்கள் ஆயத்தமா நில்லுங்கோ” என்றார். அப்பா அதோடு நிற்கவில்லை. தமிழ்க் கடைகளில் சும்மா கிடைக்கும் வாரப் பத்திரிகை ஒன்றுக்குப் போன் செய்து, மகன் கண்ணில் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டான் என்று சொல்லி, என் படத்தையும் கொடுத்துவிட்டார். அதை என்னிடம் சொல்லவில்லை. எனக்கு இன்ப அதிர்ச்சி தரப் போகிறாராம்.

நானும் ஆயத்தமானேன். பிளாசாவில் ஒரு சாம்பல் நிறச் சட்டை வாங்கினேன். அம்மா அதை விரித்துப் பார்த்து, என்னையும் ஒருமுறை பார்த்து, “உனக்குப் பிடிச்சிருந்தாச் சரி” என்றார். பிறகு ஓவர்ஹெட் புரொஜெக்டரில் போடுவதற்காக மரத்தைக் கண்ணாடித் தாளில் வரைந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறம் தீட்டினேன். மலிவு மாக்கர் பெட்டி. எதிலும் நிறத்தின் பெயர் எழுதியிருக்கவில்லை. அதனால் என்ன, எனக்குக் கண் இருக்கிறதே!

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. விமான நிலையத்திலிருந்து நேரே வந்த ஹெலன் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓரமாக நின்றார். முன்வரிசையில் ஆர்தர் இருந்தார். ஓய்வு பெற்ற கிழவர். மனிதனின் நிறப்பார்வையை ஆராய்ந்தே தலை நரைத்தவர். எல்லாக் கருத்தரங்குக்கும் வந்து, பிஸ்கட் சாப்பிட்டு, அப்படியே தூங்கிப்போவார். அன்றும் தூங்கிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் அப்பா கோயிலுக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டையோடு, இரண்டு பக்கமும் அம்மாவும் மாமாவும். அப்பாவுக்கு ஆங்கிலம் தொழிற்சாலை அளவுக்குத்தான். மாமா மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு.

முதல் பதினைந்து நிமிடம் சிறப்பாகப் போனது. மரத்தைத் திரையில் போட்டேன். யாரோ மெல்லச் சிரித்தார்கள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் வரிசையில் ஒரு மாணவி கை உயர்த்தினாள். “நடுவில் இருக்கிற சிவப்பு வெளிச்சக் குடும்பத்தில் சிவப்பு, பச்சை, மண்ணிறம் என்று மூன்று நிறம் மாறி மாறி வருகிறதே. அதற்கு என்ன அர்த்தம்?”

நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன். ஒரே நிறம். ஒரு சின்ன வித்தியாசம்கூட இல்லை. இவள் ஏதோ நுட்பமாகக் கேட்கிறாள், எனக்கு விளங்கவில்லை என்று காட்டிக்கொள்ளக்கூடாது என்று நினைத்தேன்.

“நல்ல கேள்வி” என்றேன். (பதில் தெரியாதவன் சொல்கிற முதல் வார்த்தை அதுதான்.) “வம்சம் ஒன்றாக இருந்தாலும் தொழிலில் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கும்.”

“அப்படியென்றால் கோழிக்கும் தவளைக்கும் ஒரே தொழில். தங்கமீனுக்கு வேறு தொழிலா?”

“ஓம். அதுதான் இங்கே முக்கியமான விஷயம்.”

பிறகு ஐந்து நிமிடம் நான் அந்த முக்கியமான விஷயத்தை விளக்கினேன். தவளையின் வாழ்க்கை, குளத்தின் கலங்கல், கோழியின் கொத்தும் பழக்கம் என்று வாயில் வந்ததெல்லாம் சேர்த்து ஒரு கொள்கையே உண்டாக்கினேன். அந்தப் பெண் அதை ஒரு வரி விடாமல் கொப்பியில் எழுதினாள். ஹெலனின் நெற்றி மெல்லச் சுருங்கியது.

அடுத்த தாளைப் போட்டேன். என் மீனின் புரத எழுத்து வரிசை. இருபது வகை எழுத்துகள் வரிசை வரிசையாக, சாதாரண மனிதருக்குக் குப்பை மாதிரி இருக்கும். அப்போதுதான் ஆர்தர் கண் விழித்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். எழுந்து, கைத்தடியை ஊன்றி, திரைக்குக் கிட்டப் போய் மூக்கு முட்டும் அளவுக்கு நின்றார்.

“இதை நான் முப்பது வருடமாக வாசிக்கிறேன்” என்றார். “இது மீன் இல்லை.”

விரலால் ஒரு வரியைத் தட்டினார்.

“இது மனிதன்.”

ஹெலன் ஓரத்திலிருந்து, மிகத் தாழ்ந்த குரலில், “ஜே, பாலூட்டிகளைச் சேர்த்தாய்தானே?” என்று கேட்டார். என் பெயர் ஜெயந்தன். ‘ஜே’ என்று அவர் அவ்வளவு மெதுவாக அதற்கு முன்னால் கூப்பிட்டதில்லை.

“இல்லை” என்றேன்.

“கட்டுப்பாட்டுக் குழாய்?”

“அதிலும் வந்தது.”

நாற்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆறாவது குடும்பம், ஏரியின் ஆழம், கோழிக்குப் பக்கத்துக் கிளை, எல்லாம் என் எச்சில். நான் மாதக்கணக்காக என் துப்பலை ஆராய்ந்து, அதற்கு வம்சாவளி எழுதியிருக்கிறேன்.

ஆர்தருக்கு இதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் இன்னும் எழுத்துகளில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். “வேடிக்கை. இந்த இடம் வரைக்கும் சிவப்புக்கான புரதம். இதிலிருந்து பச்சைக்கானது. இரண்டும் ஒட்டிப் பாதிக்குப் பாதி. இது பரிசோதனையில் வந்த பிழையாகவும் இருக்கலாம். ஆனால்...” மேசையில் கிடந்த மரத்தின் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “இதற்கு நிறம் தீட்டியது யார்?”

“நான்தான்.”

அவர் என்னை மேலிருந்து கீழ் பார்த்தார். மிக அன்பான கிழவர். ஒரு குழந்தையிடம் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். “மகனே, நீ போட்டிருக்கிற சட்டை என்ன நிறம்?”

“சாம்பல்.”

மண்டபம் வெடித்தது. மேசையில் அடித்துச் சிரித்தார்கள். கொப்பி எழுதிய பெண் கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் போட்டிருந்தது நல்ல றோஸ் நிறச் சட்டை. நிறப்பார்வையைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. இரண்டும் ஒட்டிப்போனதால் பார்வைக் குறை உள்ள தன் மரபணுவைத் தானே கையால் எடுத்துக்கொண்டுவந்து திரையில் போட்டுக் காட்டியும் அது அவனுக்குத் தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். சிரிப்பு அடங்கும் நேரம், கடைசி வரிசையிலிருந்து கைதட்டல் கேட்டது. அப்பா. எல்லோரும் சந்தோசமாகச் சிரிக்கிறார்கள், மகன் ஏதோ கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டான் என்று நினைத்து, எழுந்து நின்று, முகமெல்லாம் மலர, தனியாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். மாமா அவருடைய சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அப்பா இருக்கவில்லை. அந்தக் கைதட்டல் எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என் கணக்கில் அது இன்னும் முடியவில்லை.

வீட்டுக்கு மாமாவின் காரில் திரும்பினோம். நெடுஞ்சாலை முடிந்து ஸ்காபரோவுக்குள் இறங்கிய பிறகு அப்பாதான் பேச்சைத் தொடங்கினார்.

“என்னவாம் அந்தக் கிழவன்?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வாய் வைத்ததையும் சொன்னேன். அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் திட்டியிருக்கலாம். திட்டினால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“சட்டை றோஸ் எண்டு எனக்குத் தெரியும்” என்றார் அம்மா. “இப்பத்தைப் பொடியள் உப்பிடித்தான் போடுகினமாக்கும் எண்டு பேசாம விட்டன்.”

“கண் டொக்டரிட்டைக் காட்டச் சொன்னவர்” என்றேன். “இது தாய்வழியா வாறதாம்.”

“என்ர கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை!”

“பொம்பிளையளுக்குத் தெரியாதாம் அம்மா. அவையள் கொண்டுவந்து குடுப்பினமாம். ஆம்பிளையளுக்குத்தான் வெளியிலை தெரியுமாம். உங்கட பக்கத்திலை ஆருக்கும்...”

மாமா தொண்டையைச் செருமினார். ஸ்ரியரிங்கைப் பார்த்தபடி, “எனக்கு இருக்கு” என்றார்.

அம்மா முன் சீற்றுக்கு எட்டி வந்தார். “என்ன குலம் சொல்லுறாய்?”

“எனக்கும் சிவப்புப் பச்சை தெரியாது அக்கா. நான் றெயில்வே வேலைக்குப் போனனான் எல்லே. கலர் கலரா நூல் தந்து, நிறம் நிறமாப் பிரிச்சு வை எண்டாங்கள். பிரிச்சு வைச்சன். அந்த டொக்டர் மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சான்.”

“நீ மலைநாட்டுக்குப் போடுறாங்கள், குளிர் ஒத்துவராது எண்டு விட்டுட்டன் எண்டெல்லே சொன்னனி!”

“வேற என்னத்தைச் சொல்லுறது? ஐயா ஊரெல்லாம் சொல்லி வைச்சிட்டார், என்ர மகன் ஸ்ரேசன் மாஸ்ரர் எண்டு.”

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. குளிர் ஒத்துவராத மாமா கனடா வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அப்பா மெல்லத் தலையைத் திருப்பினார். “அப்ப சிக்னல் லைற்?” என்று கேட்டார்.

“மேல எரிஞ்சா நிப்பாட்டுறது. கீழ எரிஞ்சாப் போறது. உதுக்கு ஏன் அத்தான் நிறம்?”

அப்பா ஒரு கையால் கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரைக்கும் விடவில்லை.

நானும் மாமாவும் அந்த மாதமே கண் டொக்டரிடம் போனோம். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டினார்கள். எனக்கு இரண்டு பக்கத்தில்தான் எண் தெரிந்தது. மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவர் எல்லாப் பக்கத்துக்கும் நம்பிக்கையோடு ஒவ்வொரு எண் சொன்னார்.

கருத்தரங்கு புதன்கிழமை. வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. ‘கண் ஆராய்ச்சியில் தமிழ் இளைஞர் சாதனை’ என்று என் படத்தோடு, ஸ்காபரோவின் எல்லா மீன்கடையிலும் மரக்கறிக்கடையிலும் வாசலில் அடுக்கி வைத்திருந்தார்கள். அப்பாவின் இன்ப அதிர்ச்சி இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போன் வரத் தொடங்கியது. ஒரு அன்ரி தன் மாமியாரின் கண்ணில் பூ விழுந்திருப்பதாகவும் மீனிலிருந்து மருந்து எப்போது வரும் என்றும் கேட்டார். நான் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்து, செய்தி பிழை, திருத்தம் போடுங்கள் என்று கெஞ்சினேன்.

“தம்பி” என்றார் அவர், மிகவும் பொறுமையாக. “இப்ப இதை ஒருத்தரும் வடிவா வாசிச்சிருக்க மாட்டினம். படத்தைப் பாத்திட்டு மரக்கறியைச் சுத்திக்கொண்டு போவினம். திருத்தம் போட்டா, என்ன பிழை எண்டு தேடி வாசிப்பினம். பேசாம விடும்.”

விட்டேன்.

திங்கட்கிழமை ஹெலன் அறைக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை அவர். “பிழை விடுவது பிரச்சினை இல்லை, ஜே. எல்லோருடைய எச்சிலும் எங்கேயாவது விழுந்திருக்கிறது. நான் கேட்டபோது எல்லாம் சரி என்று எழுதினாயே. அதுதான் பிரச்சினை” என்றார். நான் அவருடைய மேசையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலாநிதிப் படிப்புக்குச் சிபாரிசு செய்யமாட்டோம் என்று மூன்று பேரும் முடிவெடுத்துவிட்டார்கள். வேண்டுமானால் ஒரு வருடத்துக்குள் முதுகலையை முடித்துக்கொண்டு போகலாம்.

அந்த வருடத்தைப் பற்றி வேடிக்கையாக எழுத முயன்று பார்த்தேன். வரவில்லை. காலையில் எழும்ப மனம் வராது. பஸ்ஸில் ஏறி, இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பி வருவேன். ஆய்வுகூடத்தில் நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். யாரோ என் மேசையில் ஒரு குழந்தைப் பிள்ளையின் உறிஞ்சு குழாயை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். அப்பா யாரிடமும் என் படிப்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். ஒருநாள் யாரோ வீட்டுக்கு வந்து, “மகன் என்ன செய்யிறார்?” என்று கேட்டதற்கு, “வீட்டிலை இருக்கிறார்” என்றார். நான் அப்போது உண்மையில் வீட்டில்தான் இருந்தேன். ஆனால் அவர் சொன்னது அதை அல்ல.

இரண்டு சோடிக் கையுறை போட்டு, வாயையும் கட்டிக்கொண்டு, அந்த மீனைத் திரும்பத் தொடக்கத்திலிருந்து செய்தேன். இந்த முறை நாலாவது குழாயில் ஒன்றும் வரவில்லை. எல்லாப் பாலூட்டிகளையும் சேர்த்து ஐந்து நாள் கொம்பியூட்டரை ஓடவிட்டேன். மரம் வந்தது. என் மீன், மற்ற மீன்களுக்கு நடுவில், சிவப்புக் குடும்பத்தில், எந்த விசேசமும் இல்லாமல் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. ஏரியிலேயே மிகச் சாதாரணமான மீன் அது. மரத்துக்கு நிறம் தீட்டும் வேலையை அம்மாவிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்து, நான் ஒவ்வொரு குடும்பமாகக் காட்டக் காட்ட, அவர் கோலத்துக்குப் போடுவதுபோலக் கவனமாகத் தீட்டினார். ஆய்வேட்டின் நன்றியுரையில் அம்மாவின் பெயர் இருக்கிறது. எதற்காக என்று போடவில்லை.

பிறகு பிறம்ரனில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை கிடைத்தது. கட்டுப்பாட்டுக் குழாயில் ஏதாவது வந்தால் உற்பத்தி வரிசை முழுவதையும் நிறுத்தச் சொல்லுகிற வேலை. முதல் வருடத்திலேயே பதினாலு தடவை நிறுத்தினேன். முதலாளிக்கு என்னைப் பிடிக்காது. ஆனால் அனுப்பவும் இல்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

எனக்குக் கலியாணம் பேசினபோது அம்மா ஒரு நிபந்தனை போட்டார். பெண் வீட்டாருக்குக் கண் விசயத்தை முதலே சொல்லிவிடவேண்டும், ஒளிக்கக்கூடாது. ரூஜ் என்ற பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மீன், எச்சில், சட்டை, கைதட்டல். சொல்லி முடிக்கும்போது எனக்கு வியர்த்திருந்தது. பெண்ணின் தகப்பன் மிகவும் மரியாதையாக என் அப்பாவைப் பார்த்து, “அப்ப இந்தக் குறை உங்கட பக்கமோ, அவையின்ர பக்கமோ?” என்று கேட்டார்.

அப்பா பதில் சொல்வதற்கு முன்னால் அம்மா சொன்னார்:

“கண் எங்கட பக்கம்தான், அண்ணை. நான் ஒத்துக்கொள்ளுறன். கண்ட இடத்திலை வாய் வைக்கிற பழக்கம் இவரின்ர பக்கம்.”

முதலில் சிரித்தது அப்பா. கருத்தரங்குக்குப் பிறகு என் விசயத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பெண் சிரித்த சத்தமும் கேட்டது. அவளைத்தான் கட்டினேன். எங்களுக்கு இரண்டு மகள்மார். அவர்கள் ஏதாவது பிழை விட்டுவிட்டு வந்து நின்றால் வீட்டில் ஒருவரும் ஏசுவதில்லை. என் அப்பா கதிரையில் சாய்ந்திருந்தபடியே கேட்பார்: “கண்ணோ, வாயோ?” தெரியாமல் செய்தது என்றால் ‘கண்’ என்பார்கள். தெரிந்துகொண்டே செய்தது என்றால், தலையைக் குனிந்துகொண்டு ‘வாய்’ என்பார்கள்.